பார்த்தவை, சுட்டவை

அக்டோபர் பிறந்தால் என் மேசைக்குத்
தாடை எலும்புகள் வரத் தொடங்கும்.
ரொட்டிப் பையில், பழைய செய்தித்தாளில்,
ஒருமுறை குழந்தையின் கம்பளிக் காலுறையில்.
மூஸ் மானின் கீழ்த்தாடை. ஒவ்வொன்றோடும்
சுட்டவர் நிரப்பிய ஒரு படிவம்.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
முன்பல்லைப் பிடுங்கி, வேரை
முடியளவு மெல்லிசாய்ச் சீவி, சாயத்தில் தோய்த்து
நுண்ணோக்கியின் கீழ் வைப்பேன்.
பனிக்காலம் ஒன்றுக்குக் கறுப்புக் கோடு ஒன்று.
பட்டினி வருஷங்களில் கோடுகள்
நெருக்கியடித்து நிற்கும்.

ஹல்வார் ஐட்ஸ்மோவை நான் பார்த்ததில்லை.
தெரிந்ததெல்லாம் கையெழுத்து:
பென்சில், அழுத்தி எழுதுவார்,
ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு.
ஸ்கோதால் பள்ளத்தாக்கு, ஆற்றுக்கு மேற்கே.
'சுட்டவை' என்ற கட்டத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.
'பார்த்தவை'யை மற்றவர்கள்
ஓர் எண்ணோடு முடித்துவிடுவார்கள்.
இவருக்கு ஓரமும் போதாது.
"கன்றோடு பிணை. கன்றுக்கு இடது காது கிழிந்திருக்கிறது."
"பெரிய கொம்பன். காற்று என் பக்கமிருந்து.
அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்."
"நூற்றைம்பது மீட்டர். இருட்டிவிட்டது. சுடவில்லை."
அந்தச் 'சுடவில்லை'யை
ஒருநாளும் அடிக்கோடிட்டதில்லை.

குடல் குவியலைத் தின்ற கழுகு ஒன்று
கழுத்தைத் தூக்க மாட்டாமல்
அவர் வேலியோரம் கிடந்த வருஷத்திலிருந்து
தோட்டா என்ற இடத்தில் ஈயம் போய்ச் செம்பு.
விலையைத் திட்டியும் ஒரு வரி இருந்தது.

ஜனவரியில் வந்த உறைமேல் 'வேட்டை அல்ல'.
லாரி இடித்து, முன்கால் தொங்க
காட்டுக்குள் நுழைந்துவிட்ட பிணை.
நகராட்சி கூப்பிட, இரவு இரண்டு மணிக்கு,
மைனஸ் இருபத்திரண்டில்
நாயோடு போய் முடித்துவிட்டு வந்திருக்கிறார்.
'செலவு' என்ற கட்டத்தில் பணம் ஏதும் இல்லை;
"நாயின் பாதம் வெடித்துவிட்டது" என்பது மட்டும்.

பிறகு ஒரு வருஷம் தாடையோடு நான்கு வரி:
"குண்டு பின்னால் தள்ளிப் பட்டது. தவறு என்னுடையது.
இரண்டு இரவு தேடினோம்.
மூன்றாம் நாள் சதுப்பில் கிடைத்தது, கறி கெட்டிருந்தது.
மீதி அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்."
தாடையில் துளிச் சதை இல்லை.
வெட்கத்தை இவ்வளவு சுத்தமாய்க் கழுவி
யாரும் எனக்கு அனுப்பியதில்லை.
வயது படித்தேன்: ஏழு.
குறுக்குக் கோடு போட்டே எழுதினேன்.

நான் கறி தின்பவள் அல்ல.
துப்பாக்கி பிடித்த கையைப் புகழ
இன்றும் எனக்கு வாய் எழவில்லை.
ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் கன்றுகள் குறைவதை
முதலில் கண்டது என் நுண்ணோக்கி அல்ல,
பென்சில்.
மூன்று வருஷமாய் ஓரத்தில்
கன்றில்லாப் பிணை, கன்றில்லாப் பிணை,
மறுபடி, கன்றில்லாப் பிணை.
பல்லில் கோடுகள் நெருங்கியிருந்ததை
அப்புறம்தான் நான் பார்த்தேன்.

அனுமதியைப் பாதியாய்க் குறைக்கக் கேட்டுப்
பதினேழு பேர் கையெழுத்திட்டார்கள்,
குளிர்காலத்தில் தங்கள் உறைபெட்டிகள்
காலியாய்க் கிடக்கும் என்று தெரிந்தே.
முதல் பெயர் பென்சிலில் இருக்கிறது, செல்லாது
என்றாராம் எழுத்தர்.
பேனா இரவல் வாங்கிப் போட்டாராம்.

இந்த அக்டோபரில் அவர் உறை
தட்டையாக வந்தது.
உரிமக் கட்டண ரசீது, படிவம், வேறில்லை.
சுட்டவை: சுழி.
பார்த்தவை: பதினொன்று.
"அதில் கன்று நான்கு. ஒன்றின் தாய்க்கு
இடது காது கிழிந்திருக்கிறது."

இதற்கு எந்தப் பல்லைச் சீவுவேன்?
தாளைத் திருப்பினேன்.
பென்சில் அழுத்திய தடம்
பின்பக்கம் வரிவரியாய்ப் புடைத்திருந்தது.
விரலால் தடவி எண்ணிக்கொண்டிருந்தேன்,
காப்பி ஆறுகிறது என்று
யாரோ கூப்பிடும்வரை.